சிக்னல் இல்லாத இடத்தில் ஓடும் ஆப்: ஃபிரேம்வொர்க்கைக் கடைசியில் தேர்ந்தெடுங்கள்

"ஃப்ளட்டரா, ரியாக்ட் நேட்டிவா?" ஆஃப்லைன் ஆப் செய்யப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். இரண்டும் ஆப் கட்ட உதவும் கருவித்தொகுப்புகள், அதாவது ஃபிரேம்வொர்க்குகள். பதில் சொல்வதற்கு முன் நான் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்வேன். அந்த போன் ஒரு நாளில் எவ்வளவு நேரம் சிக்னல் இல்லாமல் இருக்கும்? அந்த நேரத்தில் அதில் என்ன பதிவாகும்? இந்த இரண்டும் தெளிவானால் ஃபிரேம்வொர்க் கேள்வி பாதியாகச் சுருங்கிவிடும்.

நான் குன்னூரில் இருந்துகொண்டு பசுந்தேயிலை கொள்முதலுக்கு ஆப் எழுதுகிறேன். சிறு விவசாயிகள் பறித்த இலையைச் சாலையோரத்தில் எடை போடும் இடத்துக்குக் கொண்டுவருவார்கள். தொழிற்சாலை வண்டியோடு வருகிறவர் எடை போட்டு, ஈரத்துக்கும் சாக்குக்கும் கழிவு பிடித்து, மிச்சத்தை எழுதிச் சீட்டு கொடுப்பார். அந்தச் சீட்டுகளைக் கூட்டித்தான் பணம் பட்டுவாடா ஆகும். முன்பு நோட்டுப் புத்தகம் இருந்த இடத்தில் இப்போது ஒரு போனும் ஒரு சின்ன ப்ளூடூத் பிரிண்டரும் இருக்கின்றன. பள்ளத்தாக்கில் இருக்கும் பல இடங்களில் சிக்னல் கிடையாது. சாயங்காலம் வண்டி தொழிற்சாலைக்குத் திரும்பிய பிறகுதான் போனுக்கு நெட் கிடைக்கும். அதுவரை அன்றைய கணக்கு மொத்தமும் அந்த ஒரு போனில் மட்டும்தான் இருக்கிறது. அதில் ஒரு பதிவு காணாமல் போனால், ஒரு குடும்பம் ஒரு நாள் பறித்த இலைக்கான காசுக்காகச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அலைய வேண்டும். இந்த வேலையில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

ஆஃப்லைன் என்ற ஒரே பெயரில் இரண்டு வகை ஆப்கள் இருக்கின்றன. முதல் வகை, நெட் இருக்கும்போது எடுத்து வைத்ததை நெட் இல்லாதபோது காட்டும்: விலைப்பட்டியல், பாடக்குறிப்பு, பேருந்து நேரம் மாதிரி. இதற்கு எந்த ஃபிரேம்வொர்க்கும் போதும், யோசிக்கவே வேண்டாம். இரண்டாவது வகையில் நெட் இல்லாத நேரத்தில் புதிய தகவல் போனிலேயே பிறக்கிறது. இனி சொல்வதெல்லாம் இந்த இரண்டாவது வகைக்கு.

நின்றுபோனவற்றைப் பாருங்கள்

எதிர்காலத்துக்குத் தாங்குமா என்று தெரிந்துகொள்ள, ஏற்கெனவே நின்றுபோனவை எப்படி நின்றன என்று பார்ப்பது நல்ல வழி.

வெப் தொழில்நுட்பத்தில் ஆப் செய்யும் ஃபோன்கேப்பை உருவாக்கிய நிறுவனத்தை அடோபி 2011-இல் வாங்கியது. 2020 அக்டோபரில் ஃபோன்கேப்பை நிறுத்தியது. ஆனால் அதன் கோட் முன்பே அப்பாச்சி அமைப்புக்குப் போய் கார்டோவா என்ற பெயரில் இருந்ததால், ஆப் வைத்திருந்தவர்களுக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தது. ஸமாரினை மைக்ரோசாஃப்ட் 2016-இல் வாங்கி, 2024 மே மாதத்தோடு ஆதரவை நிறுத்தியது. அதற்கு இரண்டு வருடம் முன்பே மாவி என்ற மாற்று வந்திருந்தது. மாறுவது சுலபமில்லை என்றாலும், பழைய ஆப் மறுநாளே நின்றுவிடவில்லை.

இப்போது மற்ற வரிசையைப் பாருங்கள். பார்ஸ் என்ற சர்வர் சேவையை ஃபேஸ்புக் 2013-இல் வாங்கியது. 2016 ஜனவரியில் மூடப்போவதாக அறிவித்து, 2017 ஜனவரியில் மூடியது. மோங்கோடிபி 2019-இல் ரியல்ம் டேட்டாபேஸை வாங்கியது. அதோடு சேர்ந்த சிங்க் சேவையை, அதாவது போனில் இருக்கும் தகவலையும் சர்வரில் இருப்பதையும் ஒத்துப்போகச் செய்யும் சேவையை, நிறுத்தப்போவதாக 2024 செப்டம்பரில் சொன்னது, 2025 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு நிறுத்தியது. இரண்டிலும் கிடைத்த அவகாசம் ஏறக்குறைய ஒரு வருடம். அதற்குள் களத்தில் இருக்கும் ஒவ்வொரு போனையும் தேடிப்பிடித்து, புதிய ஆப் ஏற்றி, பழைய தகவலைப் புதிய இடத்துக்குக் கடத்த வேண்டும்.

இந்த இரண்டு வரிசைக்கும் உள்ள வித்தியாசத்தை மனதில் வையுங்கள். திரையை வரையும் ஃபிரேம்வொர்க் நின்றால் நமக்கு வேலை கூடும். தகவலை வைத்திருக்கும், அல்லது கடத்தும் சேவை நின்றால் கெடு விழும். ஆகவே நீண்ட காலத்துக்கான முடிவு டேட்டாபேஸிலும் சிங்க்கிலும்தான் இருக்கிறது. அந்த இரண்டையும் ஃபிரேம்வொர்க்குக்கு வெளியே நம் கையில் வைத்துக்கொண்டால், ஃபிரேம்வொர்க்கை என்றைக்கு வேண்டுமானாலும் மாற்றலாம்.

தகவல் தங்கும் இடம்

என் பதில் எஸ்க்யூலைட். வேறு யோசனையே இல்லை. 2000-இல் தொடங்கிய டேட்டாபேஸ் அது. 2004-இல் வந்த மூன்றாம் பதிப்பின் ஃபைலை இன்றைய பதிப்பு அப்படியே திறக்கும். 2050 வரை ஆதரவு தருவதாக அதை எழுதுகிறவர்கள் பகிரங்கமாகச் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ், தகவல்களைப் பாதுகாத்து வைக்கப் பரிந்துரைக்கும் ஃபைல் வடிவங்களில் இதுவும் ஒன்று. யாருடைய உரிமையும் இல்லாமல் பொதுவுக்கு விடப்பட்ட கோட். எந்த ஃபிரேம்வொர்க்கில் இருந்தும் இதைத் தொடலாம்: ஃப்ளட்டரில் டிரிஃப்ட், ஆண்ட்ராய்டு ஆப் எழுதும் மொழியான கோட்லினில் ரூம் அல்லது எஸ்க்யூஎல்டிலைட், ரியாக்ட் நேட்டிவில் ஓபி-எஸ்க்யூலைட்.

இதை எடுத்துக்கொண்டாலும் சிலர் பாதி வழியில் கோட்டை விடுகிறார்கள். டேபிள் அமைப்பை ஃபிரேம்வொர்க்கின் மொழியில் கிளாஸாக எழுதி, மாற்றங்களையும் அதிலேயே வைத்துவிடுகிறார்கள். அப்புறம் ஃபிரேம்வொர்க் மாறும்போது அமைப்பையே கோட்டில் இருந்து தோண்டி எடுக்க வேண்டியிருக்கும். டேபிள்களை, டேட்டாபேஸ் மொழியான எஸ்க்யூஎல்லில் சாதாரண ஃபைல்களாக, 001, 002 என்று எண் போட்டு, தனி ஃபோல்டரில் வையுங்கள். ஆப் எந்த மொழியில் இருந்தாலும் அந்த ஃபைல்களை வரிசையாக ஓட்டட்டும்.

போனோடு வரும் எஸ்க்யூலைட்டை நம்பாமல், ஆப்போடு ஒரு பதிப்பைச் சேர்த்தே அனுப்புங்கள். ஒரு உதாரணம்: இருந்தால் திருத்து, இல்லாவிட்டால் சேர் என்று ஒரே வரியில் செய்யும் அப்சர்ட் வசதி 2018-இல் 3.24-ஆம் பதிப்பில் வந்தது. ஆண்ட்ராய்டு 10-இல் இருப்பது 3.22, ஆண்ட்ராய்டு 11-இல்தான் 3.28. மேசை மேல் இருக்கும் புதிய போனில் அருமையாக ஓடும் வரி, எடை போடுகிறவரின் பழைய போனில் அப்படியே விழுந்துவிடும். இந்த மாதிரி போன்கள் எங்கள் பக்கத்தில் இன்னும் நிறைய புழக்கத்தில் இருக்கின்றன.

பேக்கப் எடுப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வால் (WAL) என்ற முறையில் ஓடும் எஸ்க்யூலைட், கடைசியாக எழுதியவற்றைப் பக்கத்தில் ஒரு தனி ஃபைலில் வைத்திருக்கும். முதன்மை ஃபைலை மட்டும் காப்பி செய்தால் கடைசிச் சில சீட்டுகள் வராமல் போகலாம். வேக்யூம் இன்டு கட்டளையால் முழுப் பிரதி எடுங்கள்.

சிங்க்கை நீங்களே எழுதுங்கள்

இது பெரிய வேலை என்று பலர் பயப்படுகிறார்கள். கொள்முதல், கணக்கெடுப்பு, டெலிவரி மாதிரி வேலைகளுக்கு இது சின்ன வேலைதான். ஏனென்றால் இவற்றில் ஒவ்வொரு பதிவையும் ஒரே ஆள், ஒரே போனில், ஒரே தடவைதான் எழுதுகிறார். இரண்டு பேர் ஒரே பதிவைத் திருத்தும் சிக்கல் இதில் வருவதே இல்லை.

நான் செய்வதைச் சொல்கிறேன். ஒவ்வொரு சீட்டுக்கும் போனிலேயே ஒரு யூயூஐடி, அதாவது வேறு எந்தச் சீட்டுக்கும் வராத அடையாள எண், பிறக்கும். அதன் ஏழாம் வகை நேர வரிசையில் அடுக்கும்படி அமைந்தது, 2024-இல் அதிகாரபூர்வ தரமாகிவிட்டது, அதையே எடுங்கள். சீட்டு டேபிளில் எழுதும் அதே டிரான்ஸாக்ஷனில் (எழுதினால் எல்லாம் சேர்ந்து விழும், இல்லாவிட்டால் எதுவும் விழாது), அனுப்ப வேண்டியவை என்ற இன்னொரு டேபிளிலும் ஒரு வரி விழும். நெட் கிடைத்ததும் அந்த வரிகள் சர்வருக்குப் போகும். ஒரே யூயூஐடி இரண்டாவது முறை வந்தால் சர்வர் அதைச் சேர்க்காது, ஆனால் "கிடைத்தது" என்று மட்டும் பதில் சொல்லும். பாதி வழியில் நெட் அறுந்து, போன் மறுபடி அனுப்பினாலும் இலை இரண்டு தடவை கணக்கில் ஏறாது. "கிடைத்தது" என்ற பதில் வந்த பிறகுதான் போன் அந்த வரியை அனுப்பியதாகக் குறிக்கும்.

எழுதிய சீட்டை ஒருபோதும் மேலெழுதுவதில்லை. எடை தப்பாகப் பதிவானால் பழைய சீட்டைச் சுட்டும் திருத்தச் சீட்டு ஒன்று புதிதாக விழும். யார், எப்போது, எதை மாற்றினார் என்பது அப்படியே நிற்கும். விவசாயி வந்து கேட்டால் காட்ட முடியும். போனின் கடிகாரத்தையும் நான் முழுதாக நம்புவதில்லை. போன் சொன்ன நேரம், சர்வருக்கு வந்து சேர்ந்த நேரம், அந்த போனின் வரிசை எண் மூன்றையும் சேமிக்கிறேன். வரிசை எண்ணில் இடையில் ஒன்று விட்டுப்போயிருந்தால் சர்வருக்கு உடனே தெரிந்துவிடும்.

சரி, உங்கள் ஆப்பில் உண்மையிலேயே பலர் ஒரே பதிவைத் திருத்துகிறார்கள் என்றால்? அப்போது ஒவ்வொரு ஃபீல்டுக்கும் எது ஜெயிக்க வேண்டும் என்று தொழில் தெரிந்தவரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். கடைசியாக வந்ததே சரி என்ற விதியைக் காசு சம்பந்தப்பட்ட எதிலும் வைக்காதீர்கள். தயார் நிலையில் இருக்கும் சிங்க் கருவியை எடுப்பதாக இருந்தால், பவர்சிங்க், எலக்ட்ரிக், கௌச்டிபி-பௌச்டிபி ஜோடி என்று சில இருக்கின்றன. எதை எடுத்தாலும் கேட்க வேண்டியது இதுதான்: சர்வர் பக்கத்தை நானே என் மெஷினில் ஓட்ட முடியுமா? அந்த நிறுவனம் நாளைக்கே மூடினால் போனில் இருக்கும் தகவலை நான் திறக்க முடியுமா? இரண்டுக்கும் தெளிவாக "முடியும்" என்று வராவிட்டால், டெமோ எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

பின்னணியில் தானாக சிங்க் ஆகும் என்ற வாக்குறுதியை எந்த ஃபிரேம்வொர்க்கிடமும் எதிர்பார்க்காதீர்கள். 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6-இல் இருந்து, போன் சும்மா கிடந்தால் பின்னணி வேலைகளை டோஸ் முறை தள்ளிப்போடும். பின்னணி வேலைகளுக்கான ஆண்ட்ராய்டு கருவி வொர்க்மேனேஜரில், மறுபடி மறுபடி ஓடும் வேலைக்குக் குறைந்தபட்ச இடைவெளி 15 நிமிடம். பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காகச் சில பிராண்டுகள் அதையும் கொன்றுவிடுகின்றன. ஐபோனிலும் எப்போது ஓடும் என்று உறுதி கிடையாது. ஆகவே ஆப்பைத் திறந்ததும் அனுப்பத் தொடங்கட்டும். முதல் திரையிலேயே "அனுப்பாத சீட்டுகள்: 14" என்று பெரிய எழுத்தில் தெரியட்டும். எடை போடுகிறவர் அந்த எண் பூஜ்யமானதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவார். எந்தத் தொழில்நுட்பத்தையும் விட இந்த ஒரு எண்ணை நான் நம்புகிறேன்.

பிரிண்டர் என்ற பரீட்சை

உங்கள் ஆப் பேச வேண்டிய வெளிக்கருவி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு அது 58 மில்லிமீட்டர் தெர்மல் பிரிண்டர். இந்தப் பிரிண்டர்களில் தமிழ் எழுத்து இருக்காது. சீட்டைப் போனிலேயே 384 புள்ளி அகலப் படமாக வரைந்து, அந்தப் படத்தை அனுப்ப வேண்டும். விவசாயியின் பெயர் தமிழில் இருந்தால்தான் அவர் அந்தச் சீட்டைத் தன்னுடையது என்று படித்துப் பார்த்து வாங்கிக்கொள்வார், அதனால் இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இந்த ஒரு கருவி பல ஃபிரேம்வொர்க்குகளை வடிகட்டிவிடும். மலிவான பிரிண்டர்களில் பெரும்பாலானவை பழைய வகை ப்ளூடூத். பிரவுசர் வழியே கருவியோடு பேசும் வெப் ப்ளூடூத்துக்கு லோ எனர்ஜி என்ற புதிய வகை மட்டும்தான் தெரியும், சஃபாரியில் அதுவும் இல்லை. பழைய வகை ப்ளூடூத் கருவியோடு ஐபோன் ஆப் பேச வேண்டும் என்றால், அந்தக் கருவி ஆப்பிளின் சான்றிதழ் திட்டத்துக்குள் இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 12-இல் ப்ளூடூத்துக்கான அனுமதி முறையே மாறியது. இந்த மாற்றத்துக்கெல்லாம் ஈடுகொடுக்கத் தனி ஒருவர் எழுதிவிட்டுப் போன பிளகின் (ஃபிரேம்வொர்க்கோடு சேர்க்கும் துணை கோட்) உதவாது. பிரிண்டர், தராசு மாதிரி உயிர்நாடியான கருவிகளுக்கான கோட்டை கோட்லினில் நீங்களே எழுதுங்கள். ஃபிரேம்வொர்க்கில் இருந்து அதைக் கூப்பிடும் பாலம் எவ்வளவு எளிது என்று பாருங்கள். ஃப்ளட்டர், ரியாக்ட் நேட்டிவ், வெப் கோட்டை ஆப்பாக்கும் கெபாசிட்டர் மூன்றிலும் இதற்கு நல்ல வழி இருக்கிறது.

இப்போது ஃபிரேம்வொர்க்

இவ்வளவு முடிவு செய்த பிறகு ஃபிரேம்வொர்க்கிடம் கேட்க மிஞ்சுவது கொஞ்சம்தான். திரை வரைய வேண்டும், எஸ்க்யூலைட்டைத் தொட வேண்டும், கருவியோடு பேச வேண்டும், கூகுள் வருடா வருடம் கேட்பதைச் செய்துகொடுக்க வேண்டும்.

கடைசியாகச் சொன்னது முக்கியம். கூகுளின் பிளே ஸ்டோரில் 2019 ஆகஸ்டில் 64 பிட் கட்டாயமானது. வழக்கமாக ஒவ்வொரு ஆகஸ்ட் கடைசியிலும் ஆப் குறிவைக்க வேண்டிய ஆண்ட்ராய்டு பதிப்பு ஒரு படி ஏறுகிறது, 2025-இல் அது ஆண்ட்ராய்டு 15. அதே வருடம் நவம்பரில், 16 கேபி மெமரிப் பக்கத்துக்கு ஏற்ப நேட்டிவ் லைப்ரரிகளை மறுபடி கட்டவேண்டும் என்ற நிபந்தனை வந்தது. நீங்கள் எடுக்கப்போகும் ஃபிரேம்வொர்க்கும், ஒவ்வொரு பிளகினும் இந்த 16 கேபி மாற்றத்தை எப்போது முடித்தன என்று அவற்றின் வெளியீட்டுக் குறிப்புகளில் தேடுங்கள். கெடுவுக்கு முன்பே முடித்தவர்கள் விழிப்பாக இருக்கிறார்கள். இன்னும் முடிக்காத பிளகினைத் தொடாதீர்கள். கிட்ஹப் தளத்தில் நட்சத்திர எண்ணிக்கையைப் பார்ப்பதைவிட இது நல்ல அளவுகோல்.

ஆண்ட்ராய்டு மட்டும் போதும் என்றால் நேராகக் கோட்லினிலேயே எழுதுங்கள். கொள்முதல் ஆப்பை நான் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். எடை போடுகிறவர்கள் எல்லோரும் வைத்திருப்பது ஆண்ட்ராய்டுதான், நடுவில் இன்னொரு அடுக்கு எதற்கு? கழிவு, விலை, கூட்டல் கணக்கெல்லாம் ஆண்ட்ராய்டைத் தொடாத தனி மாட்யூலில் இருக்கின்றன. நாளைக்கு ஐபோன் வேண்டும் என்றால் அந்த மாட்யூலை, ஒரே கோட்டை இரண்டு வகை போனிலும் ஓட்டும் கோட்லின் மல்டிபிளாட்ஃபார்முக்கு எடுத்துப் போகலாம். அது 2023 நவம்பரில் நிலையான பதிப்பாகிவிட்டது, 2024-இல் கூகுளும் ஆதரவு அறிவித்தது. அதோடு சேர்த்துத் திரை வரையும் கருவியான கம்போஸ், ஐபோனுக்கு 2025 மே மாதத்தில் நிலைபெற்றது.

தொடக்கத்திலேயே இரண்டு போனுக்கும் வேண்டும், ஆட்களோ குறைவு என்றால் ஃப்ளட்டர். 2018 டிசம்பரில் முதல் பதிப்பு வந்தது. எழுத்தைத் தானே வரைகிறது, அதனால் தமிழ் எழுத்துருவை ஆப்போடு சேர்த்துவிட்டால் எந்த போனிலும் கொம்பும் காலும் ஒரே மாதிரி விழும். ஃப்ளட்டரில் எழுதும் டார்ட் மொழிக்கு அதற்கு வெளியே புழக்கம் குறைவு என்பது இதன் பலவீனம். கூடவே, டேட்டாபேஸ் தேடும்போது ஐசார், ஹைவ் என்ற பெயர்கள் கண்ணில் படும். வேகமானவைதான், ஆனால் முதலில் எழுதியவரின் கவனம் குறைந்து, மற்றவர்கள் கிளை பிரித்துப் பராமரிக்கிற நிலைக்கு வந்துவிட்டன. டிரிஃப்ட் எடுத்தால் அடியில் இருப்பது எஸ்க்யூலைட், கவலை இல்லை.

ரியாக்ட் நேட்டிவை ஃபேஸ்புக் 2015-இல் வெளியிட்டது. ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்த ஆட்கள் ஏற்கெனவே இருந்தால் எடுக்கலாம். ஆனால் பதிப்பு ஏற்றும் வேலை வந்துகொண்டே இருக்கும். 2024 அக்டோபரில் வந்த 0.76-இல் புதிய கட்டமைப்பே இயல்பானது ஆகி, பழைய லைப்ரரிகள் பலவற்றை மாற்ற வேண்டியிருந்தது. தொடர்ந்து கவனிக்க ஒரு ஆள் இல்லாத இடத்துக்கு இதை நான் சொல்லமாட்டேன்.

வெப் ஆட்கள் மட்டும் இருந்தால் கெபாசிட்டர். அதை உருவாக்கிய அயானிக்கை அவுட்சிஸ்டம்ஸ் 2022-இல் வாங்கியது, 2025-இல் அயானிக் தன் கட்டணச் சேவைகளை நிறுத்தப்போவதாக அறிவித்தது. கெபாசிட்டர் திறந்த மூலமாகத் தொடர்கிறது. எடுத்தால், தகவலை பிரவுசரின் இன்டெக்ஸ்டுடிபியில் வைக்காமல் எஸ்க்யூலைட் பிளகினில் வையுங்கள்.

பிரவுசரில் ஓடும் பிடபிள்யூஏ மட்டும் போதுமா என்று கேட்பவர்களுக்கு: காசுக் கணக்குக்கு வேண்டாம். 2020-இல் இருந்து, நீங்கள் சஃபாரியை ஏழு நாள் பயன்படுத்தியும் அதற்குள் ஒரு தளத்துக்குத் திரும்பிப் போகாவிட்டால், அந்தத் தளம் சேமித்ததை சஃபாரி அழித்துவிடும். முகப்புத் திரையில் சேர்த்ததற்கு விலக்கு உண்டு, ஆனால் எடை போடுகிறவர் சேர்த்தாரா இல்லையா என்று யார் பார்ப்பது? பிரவுசருக்குள் இருந்த டேட்டாபேஸான வெப்எஸ்க்யூஎல்லை நம்பிக் கட்டியவர்களுக்கு 2023-இல் குரோம் அதை எடுத்தே விட்டது. சி ஷார்ப் மொழியில் எழுதுகிறவர்களுக்கு மாவி இருக்கிறது, அதை நான் களத்தில் ஓட்டியதில்லை என்பதால் மேற்கொண்டு சொல்லவில்லை.

ஒப்புக்கொள்ளும் முன்

முழு ஆப்பையும் கட்டுவதற்கு முன், ஒரே ஒரு திரை மட்டும் கட்டுங்கள். சீட்டு போடுவது, பிரிண்ட் எடுப்பது, அனுப்புவது, அவ்வளவுதான். அதை 2 ஜிபி ராம் உள்ள பழைய போனில் போட்டுத் துன்புறுத்துங்கள். ஃப்ளைட் மோடில் ஒரு நாள் முழுக்கப் பதிவு செய்யுங்கள். சேமிக்கும் பட்டனை அழுத்திய கணத்தில் ஆப்பைக் கொல்லுங்கள். போன் நினைவகத்தைப் படங்களால் நிரப்பிவிட்டுச் சீட்டு போடுங்கள், ஆப் பேசாமல் விழுங்குகிறதா, இல்லை இடம் இல்லை என்று சொல்கிறதா என்று பாருங்கள். தேதியைப் பின்னால் தள்ளுங்கள். அனுப்பாத சீட்டுகளோடு இருக்கும் பழைய பதிப்பின் மேல் புதிய பதிப்பை ஏற்றுங்கள். இந்தக் கடைசிச் சோதனையைப் பெரும்பாலானவர்கள் செய்வதே இல்லை, களத்தில் நடப்பதோ இதுதான்.

அதன் பிறகு டேட்டாபேஸ் ஃபைலை மட்டும் லேப்டாப்புக்கு எடுங்கள். ஆப்பைத் திறக்காமல், எஸ்க்யூலைட் கருவி ஒன்றால், அன்றைக்கு ஒவ்வொரு விவசாயிக்கும் எத்தனை கிலோ என்று கூட்டிப் பாருங்கள். ஆப்பின் கூட்டுத்தொகையோடு ஒத்துப்போனால் அந்த ஃபிரேம்வொர்க்கை எடுக்கலாம். ஆப்பின் கோட் இல்லாமல் கணக்கு வராவிட்டால், தகவல் இன்னும் ஃபிரேம்வொர்க்குக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது, முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

எடுத்த பிறகு, ஃபிரேம்வொர்க், பிளகின், ஆப்பைக் கட்டும் கருவியான கிரேடில் எல்லாவற்றின் பதிப்பு எண்களையும் பூட்டி வையுங்கள். ஆப்பில் கையெழுத்திடும் சாவியை இரண்டு இடத்தில் பாதுகாத்து வையுங்கள். பதிப்பு ஏற்றும் வேலைக்கு வருடத்தில் ஒரு காலத்தை ஒதுக்குங்கள். எங்களுக்கு அது டிசம்பர், ஜனவரி: பனி விழும் மாதங்களில் இலை வரத்து குறைவு, எடை போடுகிறவரின் போனை அரை நாள் வாங்கி வைத்துச் சோதிக்க முடியும். உங்கள் தொழிலில் வேலை குறையும் மாதம் எது என்று கேட்டு, ஆகஸ்ட் கெடுவுக்கு முன்னால் வரும்படி நாள் குறித்துவிடுங்கள்.